என் தையலைப் பிரித்தவள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் அண்ணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, அதுதான் படத்திலேயே தெரிகிறதே, கன்னம் இரண்டும் உப்பி, கழுத்தெலும்பு மறைந்து, யாரோ பார்த்துப் பார்த்துச் சோறு போடுகிறார்கள் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. நன்றாக இரு. தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று உன் அப்பா கேட்டார். போனில் சொன்னால் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா சரிம்மா" என்று அவசரப்படுவாய், போதாததற்கு அங்கே நீ தங்கியிருக்கிற வீட்டுக்காரி காபிக் கோப்பையோடு உன் பக்கத்தில் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச எனக்கு வராது. அதனால்தான் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, துணி வெட்டுகிற மேசையிலேயே பேப்பரை விரித்து எழுதுகிறேன். உன் அப்பா தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் கடிதம் வந்து சேரவில்லை என்று நீ சாக்குச் சொல்ல முடியாது.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அப்புறம் எனக்குக் கோபம் வந்தால் எல்லாம் விட்டுப்போகும். அண்ணிக்கு மாதம் ஏறிவிட்டது, மாடிப்படி ஏற விடுவதில்லை, எந்நேரமும் புளிப்பாக ஏதாவது கேட்கிறாள், கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்கிறாள், நான் உன்னைச் சுமந்தபோது பண்ணிய அழும்பில் இது கால் பங்குகூட இல்லை என்று அப்பா அவளுக்குத் தைரியம் சொல்கிறார். அண்ணன் துணி துவைக்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்திருக்கிறான், அது சுற்ற ஆரம்பித்தால் வைத்த இடத்தில் நிற்காமல் குளியலறையிலிருந்து நடந்து கூடத்துக்கு வந்துவிடுகிறது, இவன் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான், கையாலேயே துவைத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லையே என்று சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். கடையில் பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பட்டனுக்குக் காஜா எடுக்கிற அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டாள், கண் தெளிந்துவிட்டது, வாய் பழையபடிதான் இருக்கிறது. நீ இங்கே வேலை பார்த்த பழைய பள்ளியின் தலைமையாசிரியை சீருடைத் துணி கொடுக்க வந்தவர் உன்னைக் கேட்டார், "கணக்கு டீச்சர் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, உங்க பொண்ணு எப்ப வர்றான்னு சொல்லுங்க, வச்சிருக்கேன்" என்றார். "இந்த வருஷப் பாடம் முடிஞ்சதும் வந்துடுவா" என்று சொல்லிவிட்டேன், நீ போகும்போது என்னிடம் சொன்னதும் அதுதானே. அவர் போன அன்றைக்கே நீ போன் பண்ணினாய், அந்த நாட்டுப் பள்ளியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், அந்த வீட்டிலும் மாடி அறை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். சொல்லிவிட்டு, "நீ என்ன சொல்றியோ அதைத்தான் செய்வேம்மா" என்று பாரத்தை இறக்கி என் தலையில் வைத்தாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்துவிட்டேன். ஆனால் பதிலை இப்போதே சொல்ல மாட்டேன். என் வயிற்றெரிச்சலை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நீ பதிலுக்கு வர வேண்டும், பக்கத்தைப் புரட்டிக் கடைசியைப் பார்க்காதே.

ஆமாம், வயிற்றெரிச்சல்தான். பொறாமை என்றே வைத்துக்கொள், எனக்கு வெட்கமில்லை. நீ போன புதிதில் அந்த வீட்டு மாடியில், கூரை சரிந்து தலையில் இடிக்கிற அறையில் உட்கார்ந்து எனக்குப் போன் பண்ணுவாய். பிள்ளைகள் உன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், நீ போர்டு பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் உன்னைப்போலவே பேசிக் காட்டுகிறார்கள் என்று அழுவாய். கீழே இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாய். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் நீ மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு நான் இங்கே மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பேன். உயிரே போகும். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், அந்த நாட்களில் நீ முழுக்க என் பிள்ளையாக இருந்தாய். அப்புறம் ஒருநாள் அவள் வந்து கதவைத் தட்டி, குழாயை மூடி, உன்னைக் கீழே கூட்டிக்கொண்டுபோய்ச் சமையலறையில் உட்காரவைத்து, தன் சின்னப் பெண்ணை எதிரில் உட்காரவைத்து உனக்கு உச்சரிப்புச் சொல்லித் தர வைத்தாள் என்று சொன்னாய். அன்றோடு அழுகை நின்றது. நல்லதுதான். உன் பேச்சைக் கிண்டல் பண்ணிய பிள்ளைகள் இப்போது உன் மேசையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், கணக்கு வகுப்பு எப்போது என்று கேட்கிறார்கள் என்கிறாய். அதுவும் நல்லதுதான். ஆனால் அழுவதற்குக்கூட இப்போது நீ என்னைக் கூப்பிடுவதில்லை பாப்பா. நல்லதுதான், நல்லதுதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வண்டி ஓட்டுகிறவள். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி, கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. வீட்டுக்கு வந்தால் உனக்குத் தேடிப்போய்த் தொப்பி வாங்கித் தருவதும், உன் ஈரக் காலணிக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் காயவைப்பதும்தான் அவளுக்கு வேலையா என்று கேட்கிறேன். ஈரத் தலையோடு வெளியே போகாதே என்று நான் உனக்குப் பல் முளைத்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், "போம்மா" என்பாய். அதையே அவள் ஒரு தடவை சொன்னாள், உடனே தலையைத் துவட்டி, தொப்பி மாட்டிக்கொண்டு, எனக்குப் படம் வேறு அனுப்புகிறாய். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டினால் வெந்நீர் குடி என்றேன், காதில் விழவில்லை. அவள் ஒரு குப்பியில் வெந்நீர் ஊற்றிப் பையில் வைத்து அனுப்புகிறாளாம், குடிக்கிறாயாம். என் வாயில் வந்தால் அது நச்சரிப்பு, அவள் வாயில் வந்தால் அக்கறை. உன் அப்பாவாவது என் பக்கம் நிற்பார் என்று பார்த்தால் அவர் கட்சி மாறி ரொம்ப நாளாகிறது. அவள் புருஷன் குழாய் வேலைக்காரர் இல்லையா, உன்னைத் தினம் தன் வேனில் பள்ளியில் இறக்கிவிடுகிறாரே, அவரும் உன் அப்பாவும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே நம் வீட்டுக் கொல்லைக் குழாயைப் போனில் காட்டிக் காட்டிச் சரிபண்ணிவிட்டார்கள். இங்கே எத்தனை பேரைக் கூப்பிட்டும் நிற்காத ஒழுக்கு, அவர் அங்கிருந்து கையை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று காட்டியதில் நின்றுவிட்டது. "மனுஷன்னா மனுஷன்" என்று உன் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அன்றைக்கு என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் சமையலறைப் பக்கம் திரும்பி அவளைக் கூப்பிட்டாய், அவள் பெண் அவளைக் கூப்பிடுகிற அதே சொல்லால். அந்தச் சொல்லுக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும், அவள் புருஷன்கூட, அப்படித்தான் கூப்பிடுகிறார், நாக்குப் பழகிவிட்டது என்றாய். பழகட்டும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது கவுன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போட்டுக்கொள்ள நான் தைத்து அனுப்பினேனே, வெள்ளைக் கோடு நெடுக ஓடுகிற நீலக் கவுன், அதுதான். கடைக்கு வருகிற எல்லோருக்கும் டேப் வைத்து அளந்துதான் தைக்கிறேன், உன் அண்ணியானாலும் அப்படித்தான். உனக்கு மட்டும் நான் டேப்பைத் தொட்டதே இல்லை. நீ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் போதும், தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும், கத்தரி தானாகப் போகும், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இந்தக் கவுனையும் அப்படியே, நீ எதிரில் நிற்கிறதாக நினைத்துத்தான் வெட்டினேன். வந்து சேர்ந்ததும் போன் பண்ணி, "அளந்து தைச்ச மாதிரி அப்படியே இருக்கும்மா" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. காஜா அக்காவிடம், "பார்த்தியா, கடல் தாண்டினாலும் என் கைக்கு அளவு தெரியும்" என்று பீற்றிக்கொண்டேன். அப்புறம் விழாப் படங்கள் வந்தன. நீ கையைத் தூக்கிப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்கிற படம் ஒன்று இருக்கிறது பார், அதை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன். பக்கத் தையலை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. எனக்குப் பகீர் என்றது. நான் நீலத்தோடு நீலம் சேர்கிற மாதிரி, அந்த வெள்ளைக் கோட்டை உள்ளே தள்ளித்தான் தைத்திருந்தேன். உள்ளே கிடந்த கோடு வெளியே வர வேண்டுமென்றால் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியை எடுத்து, அகலமாக்கித் திரும்பத் தைத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது வெறும் கோடு. எனக்கு அது யாரோ என் வீட்டுப் பூட்டைத் திறந்த மாதிரி இருந்தது.

கவுன் உனக்குப் பத்தவில்லை. நீ அங்கே போய் உடம்பு வைத்திருக்கிறாய், என் கைக்கு அது தெரியவில்லை. அதுவே எனக்கு ஒரு அடி. அதை நீ என்னிடம் மறைத்தாய், அது இரண்டாவது. என் தையலை அவள் பிரித்தாள் என்பதுதான் பெரிய அடி. நீ ஊசியைக் கண்டால் ஓடுகிறவள், பட்டன் தைக்கக்கூட உனக்குத் தெரியாது, தையல்காரி பெண் என்று வெளியே சொல்லாதே என்று நானே திட்டியிருக்கிறேன், ஆகையால் பிரித்தது அவள்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. காஜா அக்காவிடம் சொல்லிப் புலம்பினால் அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கவுன் டைட்டா இருந்தா பொண்ணு என்ன பண்ணுவா, பார்சல் கட்டித் திரும்ப உங்களுக்கா அனுப்புவா? விழா முடிஞ்சு அடுத்த விழாவே வந்துடும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரம் நான் போனில் சரியாகப் பேசவில்லை என்று நீ அப்பாவிடம் கேட்டாயாமே, சீருடை வேலை அதிகம் என்று அவர் சமாளித்தாராமே. சீருடையும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் உனக்குக் குளிருக்கு ஒரு கம்பளிக் கோட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். எப்படி வெட்டினேன் தெரியுமா? உள்ளே துளித் துணி விடாமல், தையல் போகிற விளிம்பு வரைக்கும் ஒட்ட வெட்டினேன். இனிமேல் யாரும் பிரித்து அகலமாக்க முடியாது, போட்டால் என் தையலோடு போட்டுக்கொள், இல்லாவிட்டால் என்னிடம் வா என்று. இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு துணியை நான் வெட்டியதில்லை, விரோதிக்குக்கூட வெட்ட மாட்டேன். தைத்து முடித்த கோட்டைத் தூக்கிப் பார்த்த காஜா அக்கா அதை மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள். அது எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

அந்தக் கோட்டைப் பார்சல் கட்டி அப்பாவிடம் கொடுக்கலாம் என்று வைத்திருந்த சமயத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நான் கடையில் இருந்தேன். நீ பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் அந்தச் சின்னப் பெண் சைக்கிளோடு விழுந்து அலறினாள், நீ போனைச் சமையலறை மேசையில் ஏதோ ஒரு புட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஓடிவிட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. நீ திரும்பி வந்து, "என்னம்மா நடக்குது இங்க" என்று முழித்தாய், நான் வாடிக்கைக்காரர் வந்துவிட்டார் என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன் கேள்.

அவள் வந்து போனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். நானும் எழுந்து போகவில்லை, அவளும் போகவில்லை. அவளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. இரண்டு பேரும் ரயிலில் எதிரெதிரே மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சிரிக்கவில்லை, வேண்டுமென்றேதான் சிரிக்கவில்லை. அவள் என் பின்னால் இருக்கிற தையல் மெஷினைப் பார்த்தாள், ஒரு விரலைத் தூக்கி இரு என்று காட்டிவிட்டு எழுந்துபோனாள். திரும்பி வரும்போது அந்த நீலக் கவுன் கையில் இருந்தது. அதை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, பக்கத் தையலைப் போனுக்கு நேரே கொண்டுவந்து காட்டினாள். பார்த்தேன் பாப்பா. கோழி கிளறிய மண் அதைவிட ஒழுங்காக இருக்கும். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, நூல் அங்கங்கே சுருண்டு கிடக்கிறது, கடைசியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. என் உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்துபோனது என்று சொல்லி மாளாது. அடடா, உனக்கு ஒன்றுமே தெரியாதா, வண்டி ஓட்டத்தான் தெரியுமா என்று மனசுக்குள் குதித்தேன். அவளும் அதைத்தான் சொன்னாள், ஊசி குத்திய மாதிரி விரலை உதறி, வாயில் வைத்துச் சப்பிக் காட்டி, அந்த முறம் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

சந்தோஷம் அதோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் எனக்குத் துணியைப் படிக்கத் தெரியும், அதுதான் என் கெட்ட நேரம். அந்தத் தையலை ஒட்டி வரிசை வரிசையாக ஊசி ஓட்டைகள் இருந்தன, நூல் இல்லாத ஓட்டைகள். தைத்து, சரியில்லை என்று பிரித்து, திரும்பத் தைத்து, திரும்பப் பிரித்திருக்கிறாள். தொழில் தெரிந்தவள் யாராவது பிரித்துத் தைத்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது, கை பழக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்தாள் என்று விட்டிருப்பேன். இவள் நாளெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, தெரியாத வேலையை, விரலில் குத்திக்கொண்டு, ஒரு தடவைக்கு நாலு தடவை உனக்காகச் செய்திருக்கிறாள். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்னொன்றும் காட்டினாள். மடித்திருந்த ஓரத்தை விரித்து, உள்ளே மிச்சம் இருந்த துணியைத் தடவிக் காட்டி, இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டி, இல்லை இல்லை என்று தலையை அசைத்தாள். நான் வெட்டவில்லை, நீங்கள் விட்டதை விட்டபடியே வைத்திருக்கிறேன் என்கிறாள். சொல்லிவிட்டு, ஆசிரியையிடம் நோட்டைக் காட்டுகிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வெறுக்க எனக்கு ஒரு பிடி கிடைத்தால் போதும் என்று தேடுகிறேன், பாவி, ஒரு பிடியும் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் போட்டிருந்தது வெறும் ஓட்டுத் தையல், ஊசியை உள்ளே வெளியே என்று ஓட்டிக்கொண்டே போவது. நீ போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் என்றைக்காவது ஒருநாள் டர்ரென்று விட்டுவிடும், வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் சிரிக்கும். முதலில் உன் பேச்சைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள், இப்போது உன் தையலைப் பார்த்துச் சிரிக்கவா என்று எனக்குப் பொறுக்கவில்லை. வெட்டி விழுந்த துண்டு ஒன்றை எடுத்தேன், ஊசியில் நூலைக் கோத்து, போனுக்கு நேரே பிடித்து, பின் தையல் எப்படிப் போடுவது என்று காட்டினேன். ஊசியை ஒரு எட்டு பின்னால் குத்து, இரண்டு எட்டு முன்னால் எடு. அவள் ஓடிப்போய் ஊசி கொண்டுவந்தாள். குத்தினாள், தப்பு. அதட்டினேன். என் மொழியில்தான் அதட்டினேன், நன்றாகப் புரிந்தது அவளுக்கு. திரும்பக் குத்தினாள். அந்த முரட்டு விரலில் ஊசி தொலைந்துபோகிறது, ஆனாலும் விடவில்லை, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு நாலைந்து தையல் சரியாகப் போட்டுவிட்டாள். அப்போதுதான் நீ அந்தச் சின்னப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாய். குழந்தையின் முழங்காலைத் துடைத்துக்கொண்டே, அவர்கள் மொழியில், சைக்கிளை அப்படி ஓட்டலாமா என்கிற மாதிரி அதட்டினாய். என் பெண்ணின் குரல்தான், ஆனால் நான் கேட்டிராத குரல். இங்கே இருந்தபோது ஒரு பிள்ளையை அதட்டக்கூடப் பயப்படுவாயே, அந்தப் பெண்ணா இது என்று இருந்தது. அதற்கு மேல் கேட்க முடியாமல்தான் வாடிக்கைக்காரர் வந்துவிட்டார் என்று சொன்னேன்.

ஒட்ட வெட்டிய கோட்டை உனக்கு அனுப்பவில்லை. காஜா அக்காவின் பெண்ணுக்கு அச்சாகப் பொருந்தியது, கொடுத்துவிட்டேன். "உங்க கோவம் எங்க வீட்டுக்குக் கோட்டு" என்று காஜா அக்கா சொன்னாள், முதல் தடவையாக அவள் சொன்னதற்கு நான் சிரித்தேன்.

சரி, பதில். நீ "நான் வந்துடறேம்மா" என்று சொல்லவில்லை. "நீ சொல்றதைச் செய்வேன்" என்றாய். வர ஆசைப்படுகிறவள் அப்படிக் கேட்க மாட்டாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு எந்த நாள் என்று மட்டும்தான் சொல்வாள். உன்னைப் பெற்றவளுக்கு இது தெரியாதா? நான் வா என்று ஒரு சொல் சொன்னால் நீ வந்துவிடுவாய், பழைய பள்ளியில் அந்தக் காலி இடத்தில் உட்காருவாய், சாயங்காலமானால் நம் கூடத்தில் உட்கார்ந்து போனில் அவர்களோடு பேசுவாய். அப்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. அந்த முகத்தை நான் பார்க்க மாட்டேன். ஆகையால் இரு. இரண்டு வருஷமும் இரு. கையெழுத்துப் போட்டுக் கொடு, தலைமையாசிரியையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நான் மனமுவந்து சொல்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, எனக்கு நீ இங்கே வர வேண்டும், இன்றைக்கே வர வேண்டும், இதை எழுதும்போதுகூட வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன். அண்ணிக்குக் குழந்தை பிறக்கிற சமயத்தில் எப்படியாவது விடுப்பு எடுத்து வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ. அந்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வா என்று உன் அப்பா எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன், அது அவர் அழைப்பு. அவளை இனிமேல் பெரியம்மா என்று கூப்பிடு. என்னைவிட அவளுக்கு வயது கூடவா குறைவா என்று தெரியாது, கூட என்றே வைத்துக்கொள்வோம். அர்த்தம் கேட்டால் என் அக்கா முறை என்று சொல்லு, சந்தோஷப்படுவாள். மற்றபடி அந்த வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிற சொல்லால் நீ கூப்பிட வேண்டாம், எல்லோருக்கும் இங்கே பெற்றவள் ஒருத்தி உட்கார்ந்திருக்கவில்லை.

புதிதாக நல்ல கம்பளித் துணி வாங்கி வந்து மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். கத்தரியைக் கையில் எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறேன். கண்ணை மூடினால் இங்கிருந்து கிளம்பிப்போன பெண்தான் எதிரில் நிற்கிறாள், கழுத்தெலும்பு தெரிகிற அந்த ஒல்லிப் பெண். அங்கே இருக்கிற பெண் எப்படி இருக்கிறாள் என்று என் கைக்குத் தெரியவில்லை. ஆகையால் உன் அளவை எடுத்து அனுப்பு. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், முழு உயரம். நீயே எடுத்துக்கொள்ளாதே, தன்னைத் தானே அளந்தால் கை தூக்கும்போது உடம்பு மாறும், அளவு சரியாக வராது. அவளை எடுக்கச் சொல்லு. டேப்பை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும், அது என் விரலாக இருக்க வேண்டும், அவள் விரல் நுழைந்தால் கோட்டு தொளதொள என்று ஆகிவிடும், இதையும் சொல்லு. நீ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காதே, சாதாரணமாக நில். உன் அளவை நான் இதுவரைக்கும் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. இப்போது அவளிடம் கேட்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பிள்ளைகளை அடிக்காதே, அதட்டினால் போதும், அதுதான் நன்றாக வருகிறதே உனக்கு. நேரத்துக்குச் சாப்பிடு, யார் போட்டாலும் சாப்பிடு. அப்பாவும் அண்ணனும் அண்ணியும் அன்பு சொல்கிறார்கள். நீ நினைத்ததெல்லாம் நடந்து, நோய் நொடி இல்லாமல், நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் என்று மனசாரக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதே, அளவு எடுக்கிற இடத்தை மட்டும் சொல்லு. அளவு வந்த பிறகுதான் துணியில் கத்தரி வைப்பேன், அதனால் தாமதம் பண்ணாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா